வாத்து முட்டையும் கொஞ்சம் புளியும்

வாத்து முட்டையின் வெள்ளைக்கரு கிண்ணத்தில் விழுந்த பிறகும் ஓட்டை விட்டுப் பிரியாது. சளி பிடித்த குழந்தையின் மூக்கிலிருந்து தொங்குமே, அந்த மாதிரி ஒரு கயிறு ஓட்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் நின்று ஆடும். கையை உயர்த்தினால் அதுவும் நீளும். உதறினால் மணிக்கட்டில் வந்து ஒட்டும். கார்டன் ரீச் குவார்ட்டர்ஸில் எங்கள் பால்கனியில், மண்ணெண்ணெய் ஸ்டவ் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தக் கயிற்றை ஸ்பூனால் அறுக்கப் பார்த்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. கெமிஸ்ட்ரி ஆனர்ஸ், இரண்டாம் வருடம். அதுவரை நான் ஒரு முட்டையைக் கையால் தொட்டது கிடையாது.

கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்து அதெப்படி என்று கேட்பார்கள். எங்கள் வீடு திருநெல்வேலிச் சைவம், அப்படித்தான். அப்பாவுக்குக் கிடர்பூரில் துறைமுக ஆபீஸ். அம்மா வாசல் கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே சொதியும் தேங்காய்த் துவையலும். திறந்தால் மாடிப்படி முழுக்க மீன் வாசனை. நான் இரண்டுக்கும் நடுவில். காலேஜ் கேன்டீனில், சாப்பாட்டில் என்ன ஒசத்தி தாழ்த்தி என்று மேஜையைத் தட்டிப் பேசுகிறவன் நான்தான். பேசி முடித்துவிட்டு வெஜிடபிள் சாப் வாங்கித் தின்கிறவனும் நான்தான். அதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. குளிர் விடுகிற சமயம். அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தையல் மேல்பக்கம் ஆறிவிட்டது, அடியில் ஓர் ஓரம் மட்டும் கசிந்துகொண்டே இருந்தது. அம்மா சேலையைக் கட்டினால் இடுப்பில் நிற்கவில்லை, அவ்வளவு இளைத்திருந்தாள். அலிப்பூரில் ஆபரேஷன் செய்த டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அம்மாவை விட்டுவிட்டு அப்பாவைத் திட்டினார்.

"உடம்பில் புரோட்டீன் இல்லாமல் புண் எப்படி ஆறும்? தினம் ஒரு முட்டையாவது கொடுங்கள். பத்து நாள் கழித்துப் பார்ப்பேன். இப்படியே இருந்தால் திரும்ப அட்மிட் ஆக வேண்டியதுதான்."

அந்த 'அட்மிட்'தான் அம்மாவைக் கலக்கியது. வார்டில் பக்கத்துக் கட்டிலுக்கு மத்தியானம் மீன் குழம்பு வரும்போதெல்லாம் சேலைத் தலைப்பை மூக்கில் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள். டாக்ஸியில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒன்றையே சொன்னாள்: "அந்த வார்டுக்கு மட்டும் என்னயக் கூட்டிட்டுப் போயிராதிய."

"அப்போ முட்டை?" என்றேன்.

"சீ!" என்றாள். அவ்வளவுதான்.

பருப்பைக் கூட்டிக் கொடுத்தோம், வாயு பிடித்தது. பாலைக் கூட்டினோம், வாந்தி. கீழ்வீட்டு வங்காளி காக்கிமா நல்ல மனசோடு பாலைத் திரித்து வடித்த பச்சைச் சானா தட்டு நிறையக் கொண்டுவந்தாள். அம்மா அவள் போகும்வரை சிரித்துக்கொண்டிருந்துவிட்டு, "திரிஞ்சு போன பாலை எனக்குத் திங்கக் குடுக்கா பாரு" என்றாள். அப்படியே நான்கு நாள் போய்விட்டது. அப்பாவோ, "அவ இஷ்டம், நாம என்ன செய்ய" என்று சொல்லிப் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். முட்டைப் பேச்சு வரும்போதெல்லாம் அந்தப் பேப்பர் உயர்ந்தது. அது ஏன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது வேறு. எனக்கு எதையாவது கையில் எடுத்தால் உடனே செய்தாக வேண்டும். அந்த வருஷம் மட்டும் கிடார், ஜெர்மன் மொழி, பறவை பார்த்தல் மூன்றையும் தொடங்கி மூன்றையும் விட்டிருந்தேன். அம்மா வயிற்றுக்குள் முட்டையைச் சேர்ப்பது நாலாவது. அது முட்டை மாதிரி இருக்கக் கூடாது, அவ்வளவுதானே? எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கஸ்டர்ட் உண்டு. டப்பாவில் வரும் மஞ்சள் பவுடரைப் பாலில் கரைத்துக் காய்ச்சி, வாழைப்பழம் நறுக்கிப் போடுவது, சுத்த சைவம். அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். அதே நிறம், அதே வெனிலா, உள்ளே மட்டும் நிஜ முட்டை. கஸ்டர்ட் என்று சொல்லி நீட்டிவிடலாம். பெற்ற தாயை ஏமாற்றுகிறோமே என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. இப்போது நினைக்கும்போது முட்டையைவிட அதுதான் குமட்டுகிறது.

காக்கிமாவிடம் போனேன். அவள் வீட்டு டிமேர் புடிங் எங்கள் பிளாக்கில் பிரசித்தம். டிம் என்றால் முட்டை. யார் வீட்டில் விசேஷம் என்றாலும் தட்டில் கவிழ்த்து, மேலே பழுப்பாகச் சர்க்கரைப் பாகு வழியக் கொண்டுவருவாள். எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்ததில்லை.

"ரொம்ப சுலபம், ஷோனா" என்றாள். ஷோனா என்றால் தங்கம். "டிபன் பாக்ஸ் இருக்கா? அடியில் சர்க்கரையைக் கருக விடு. பாலைச் சுண்டக் காய்ச்சி ஆற வை. ஆற வைக்காமல் ஊற்றினால் முட்டை பொரியலாகிவிடும், சொல்லிவிட்டேன். முட்டையைச் சர்க்கரை போட்டு அடி, பாலோடு கல, வடிகட்டு, மூடியை இறுக்கு, குக்கரில் வை. என் வீட்டிலேயே பண்ணேன்?"

"வேண்டாம் காக்கிமா, நானே பண்ணுகிறேன்."

"உங்கள் அம்மா குக்கரிலா?" அவள் கண் விரிந்தது.

"பால்கனியில், காக்கிமா. பழைய குக்கர்."

"வாயைக் கட்டிக்கொண்டு பண்ணு. முதல் தடவை வாசனை ஒரு மாதிரி இருக்கும்" என்றாள். நான் சிரித்தேன். லேபில் ஹைட்ரஜன் சல்பைடு தயாரித்தவனிடம் வந்து வாசனையைப் பற்றிச் சொல்கிறாளே என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை கிடர்பூர் பஜார். முட்டைக்காரன் முன்னால் இரண்டு கூடை. ஒன்றில் சின்னதாகப் பழுப்பும் வெள்ளையுமாக. இன்னொன்றில் பெரிதாக, லேசான நீலம் ஓடிய வெளுப்பில், பீங்கான் மாதிரி.

"கோழியா, வாத்தா?" என்றான்.

இரண்டுக்கும் அளவைத் தவிர வேறு வித்தியாசம் இருக்கும் என்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? முட்டை தின்கிற வீட்டில் ஐந்து வயசுப் பிள்ளைக்குத் தெரியும். நான் கணக்குப் போட்டேன்: பெரிது என்றால் புரோட்டீன் கூடுதல்.

"வாத்து. நாலு."

ஒன்றில் வைக்கோலும் எச்சமும் காய்ந்து ஒட்டியிருந்தன. அவன் அதைத் தன் லுங்கியில் துடைத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இளஞ்சூடாக இருந்த மாதிரி ஒரு பிரமை. உள்ளே ஏதாவது அசைகிறதா என்று இரண்டு தடவை காதில் வைத்துப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

அப்பா ஹாலில் பேப்பர். அம்மா உள் அறையில் கட்டிலில். நான் பரணிலிருந்து பழைய குக்கரை இறக்கிக்கொண்டு பால்கனிக் கதவைச் சாத்தினேன்.

முதல் முட்டை உடைந்ததுமே காக்கிமா சொன்ன வாசனை வந்தது. கவுச்சி. அந்தச் சொல்லை அம்மா ஆயிரம் தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என் மூக்கில் ஏறி அர்த்தமானது. மழை நாளில் குளத்தங்கரையில் நின்றால் வருமே, பாசியும் ஈர இறகும் சேறும், அது. மஞ்சள்கரு மஞ்சளாகவே இல்லை, செக்கச்செவேலென்று வீங்கிய கண் மாதிரி என்னைப் பார்த்தது. ஒன்றின் மேல் சிவப்பாக ஒரு புள்ளி. ஸ்பூன் நுனியால் அதை எடுக்கப் போனேன். நழுவி நழுவி ஓடியது. அஞ்சு நிமிஷம் ஒரு ரத்தப் புள்ளியைத் துரத்தினேன். வாயைக் கட்டிக்கொள்ளத் துண்டு தேடினால், கையெல்லாம் அந்த வழவழப்பு. துண்டிலும் ஆனது, பிறகு முகத்திலும்.

அடித்தேன். நுரை வந்தது. நுரைக்குள் வெள்ளையாகச் சுருண்டு நூல் மாதிரி ஏதோ கிடந்தது, எவ்வளவு அடித்தாலும் கரையவில்லை. ஆற வைத்த பாலைக் கலந்து, காபி வடிகட்டியில் வடிகட்டினேன். அது அடைத்துக்கொண்டது. வடிகட்டியைத் திருப்பித் தட்டினேன். தரையில் 'சொத்' என்று விழுந்தது. அதற்குக் காக்கை வந்தது. முகர்ந்துவிட்டுப் போய்விட்டது, சத்தியமாக.

கவுச்சியை அமுக்க வெனிலா விட்டேன். இரண்டு சொட்டு போதும் என்றிருந்தாள் காக்கிமா. நான் இரண்டு மூடி விட்டேன். இப்போது சேற்றுக் குளத்தில் யாரோ சென்ட் கொட்டிய மாதிரி ஆனது. டிபன் பாக்ஸ் அடியில் சர்க்கரையைக் கருக விட்டு, எல்லாவற்றையும் ஊற்றி மூடினேன். பள்ளிக்கூட நாளில் சண்டையில் வீசி எறிந்து நெளிந்த பாக்ஸ் அது. ஒரு பக்கம் மூடி எழும்பியே நிற்கும். பரவாயில்லை என்று ஒரு ரப்பர் பேண்ட் போட்டேன்.

குக்கரில் தண்ணீர் விட்டேன். விட்டதும் கை தானாக அடுக்களைக்குப் போய் ஒரு நெல்லிக்காய் அளவு புளியைப் பிய்த்துக்கொண்டு வந்து தண்ணீரில் போட்டது. எங்கள் வீட்டில் குக்கர் தண்ணீரில் புளி போடாமல் யாரும் மூடியதில்லை. போடாவிட்டால் அலுமினியம் உள்ளே கறுத்துப் போகும். சோறு வைத்தாலும் புளி, பருப்பு வைத்தாலும் புளி. அதைச் சமையல் என்றே நாங்கள் நினைப்பதில்லை, குக்கரை மூடுவதில் அதுவும் ஒரு பகுதி. பாலைத் திரிக்க அமிலம் போதும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன், அதை என் கையாலேயே போட்டேன்.

பழைய கேஸ்கெட் நாலு பக்கமும் சீறியது. விசில் வரவே இல்லை. எச்சில் தெறிக்கிற மாதிரி 'புஸ் புஸ்' என்று நுரை மட்டும் வந்தது. ஆறியதும் திறந்தேன். பாக்ஸ் தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மூடியைத் தூக்கினால் ஓரமெல்லாம் பழுப்பாக ஒரு திரவம். பாகு மேலே வந்துவிட்டது போல என்று குஷியாகி ஒரு விரல் தொட்டு நக்கினேன்.

புளித்தண்ணீர். இளஞ்சூடாக, இனிப்பாக, வெனிலா வாசனையோடு, வாத்துக் கவுச்சியோடு. நாக்கைச் சட்டையில் துடைத்தேன். அது போதவில்லை.

எந்த மனுஷனும் அதைக் கீழே கொட்டியிருப்பான். எனக்கு மனசு வரவில்லை. நடுவில் நன்றாகத்தானே இருக்கிறது? ஓரத்தை வழித்து எறிந்தேன். நடுப்பகுதி கறையான் அரித்த மாதிரி ஓட்டை ஓட்டையாக, ஒவ்வோர் ஓட்டையிலும் தண்ணீர் கட்டி, தொட்டால் நடுங்கியது. அதற்கு மேல் வாழைப்பழ வில்லைகளை நெருக்கமாக அடுக்கினேன். புண்ணுக்குக் கட்டுப் போடுகிற மாதிரி.

"அம்மா, கஸ்டர்ட்!"

அம்மா தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "ஏலே, நீயா செஞ்சே? பவுடர் தீந்துபோச்சேன்னு நினைச்சேன். வாங்கிட்டு வந்தியா?"

"ம்."

"முதல்ல உங்கப்பாவுக்குக் குடு."

அது அவள் வழக்கம். வீட்டில் எது செய்தாலும் முதல் கிண்ணம் அப்பாவுக்கு. அந்த வழக்கம் என் திட்டத்தில் இல்லை. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு அறைக்குள் வந்தார். வாங்கினார். பெரிய ஸ்பூனாக எடுத்து வாயில் போட்டார். மெல்லவில்லை. நிறுத்தினார்.

"எலே," என்றார், வாய் நிறைய வைத்துக்கொண்டே, "இது வாத்து முட்டைல்லா! கோழி முட்டைன்னா இந்த வீச்சம் வராதே!"

அம்மா என்னைப் பார்த்தாள். "முட்டையா?"

நான் தரையைப் பார்த்தேன்.

ஆனால் அவள் கண் என்மேல் நிற்கவில்லை. மெதுவாக அப்பாவிடம் போனது. "வாத்து முட்டைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்பா வாயிலிருந்ததை விழுங்கினார். அது இறங்கியதை நான் பார்த்தேன்.

"ஆபீஸ் கேன்டீன்ல..."

"கேன்டீன்ல?"

"புதன்கிழமை புதன்கிழமை வாத்து முட்டைக் குழம்பு போடுவான்."

"எத்தன நாளா?"

"வேலைல சேர்ந்த ரெண்டாம் மாசத்துல இருந்து."

"நம்ம கல்யாணத்துக்கு முன்னால இருந்தா!"

"எல்லாரும் சாப்பிடுதாங்கன்னு..."

"புதன்கிழமை சாயங்காலம் வந்ததும் வராததுமா பல்லு தேய்ப்பியளே! துறைமுகத்துல தூசி, வாயெல்லாம் மண்ணுன்னு சொல்லுவியளே!" அம்மாவின் குரல் கிறீச்சிட்டது. "நான் அதுக்குன்னு தனியா வேப்பங்குச்சிப் பேஸ்ட்டு வாங்கி வச்சிருக்கேனே, பாவி மனுஷா!"

அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தலையணையை எடுத்துத் தையலின் மேல் அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள். "ஐயோ வலிக்கே, வலிக்கே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்பா ஸ்பூனைக் கையில் பிடித்தபடி, டீச்சர் முன்னால் நிற்கிற பையன் மாதிரி நின்றார்.

சிரிப்பு அடங்கியதும் அவள் முகம் சட்டென்று மாறியது. என் பக்கம் கையை நீட்டினாள்.

"கொண்டா."

"வேண்டாம்மா, நல்லால்ல, புளி..."

"கொண்டாங்கேன். இருபத்திரண்டு வருஷமா தின்னுருக்காரு, குத்துக்கல்லு மாதிரிதான இருக்காரு. அந்த வார்டுல போய்க் கிடக்கதுக்கு இது மேல்."

வாழைப்பழ வில்லைகளை விரலால் ஒதுக்கினாள். அடியில் அந்த ஓட்டை ஓட்டையான சங்கதி நடுங்கியது. கண்ணை மூடாமல், மூக்கைப் பிடிக்காமல், கஷாயம் குடிக்கிற மாதிரி ஒரே வாயில் எடுத்து விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். இன்னொரு ஸ்பூன். இன்னொன்று.

"புளி எதுக்குலே போட்டே?" என்றாள்.

"குக்கர் கறுத்துரும்லா..."

"அது சரி." அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. "பவுடர்னு சொன்னே பாரு, அதுதான் எனக்குத் தொண்டைல நிக்குது. இதைச் சொல்லிக் குடுத்திருந்தா சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டுட்டுத் தின்னுருப்பேன். நான் என்ன பச்சப்பிள்ளையா?"

கிண்ணத்தை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

"சரி, நீ தின்னியா?"

"நானா?"

"நீதான ஒசத்தி தாழ்த்தி கிடையாதுன்னு பேசுதவன். கேன்டீன்ல பேசுதது எனக்குக் கேக்கலன்னு நினைச்சியா? உன் சிநேகிதன் வந்து எல்லாம் சொல்லுவான். தின்னு."

கிண்ணத்தில் கடைசியாக ஒரு துண்டு இருந்தது. எடுத்தேன். உதட்டில் பட்டது. ஈரமாக, குளிர்ந்துபோய், யாரோ மென்று வைத்த மாதிரி. நாக்கில் வைத்தேன். பல் படாமலே அது உடைந்தது, உடைந்து தண்ணீர் விட்டது. அந்தச் செக்கச்செவேலென்ற கண்ணும் ரத்தப் புள்ளியும் லுங்கியில் துடைத்த எச்சமும் வரிசையாக வந்தன. குளியலறை வரைகூடப் போக முடியவில்லை. வாஷ்பேசினில் ஓங்கரித்து ஓங்கரித்து எடுத்தேன். காலையில் தின்ற இட்லி, புளி, வெனிலா எல்லாம் வந்தது. மூக்கு வழியாகக்கூட வெனிலா வந்தது. பின்னால் அறையிலிருந்து அம்மாவின் சிரிப்பும், "வலிக்கே, வலிக்கே"யும். அப்பா வந்து முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டுக் காதோடு சொன்னார்: "கோழி முட்டை வாங்கியிருக்கணும்லே."

மறுநாள் கோழி முட்டை வந்தது. வாங்கியவர் அப்பா. கூடைக்குள் கை விட்டு, தட்டிப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பொறுக்கினார், அவ்வளவு தேர்ச்சி. "சீனியும் வேண்டாம், பழமும் வேண்டாம், அவிச்சுக் குடு, மாத்திரை மாதிரி முழுங்கிக்கிடுதேன்" என்று அம்மா சொல்லியிருந்தாள். அவிக்கிற வேலை எனக்கு. அவள் அடுக்களைக்குள் அது வரக் கூடாது என்பதில் மாற்றமில்லை. அதே பால்கனி, அதே ஸ்டவ், ஓரம் தேய்ந்த ஒரு பாத்திரம். காக்கிமாவிடம் நடந்ததைச் சொன்னேன். "ஏ மா! வாத்து முட்டையிலா புடிங்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒரு வாரத்துக்குள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது.

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்த அன்று ஓரத்துக் கசிவு முழுசாக நிற்கவில்லை. குறைந்திருந்தது. "முட்டையை நிறுத்தாதீர்கள், அம்மா வீட்டிலேயே இருக்கட்டும்" என்றார். அம்மா வார்டு இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். இன்னும் ஒரு மாதம் தின்றாள். தோல் மூடியதாக டாக்டர் சொன்ன சாயங்காலமே அந்தப் பாத்திரத்தை முனிசிபாலிட்டித் தொட்டியில் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு முட்டையைத் தொடவில்லை. புதன்கிழமை சாயங்காலங்களில் அப்பா பல் தேய்ப்பதும் நின்றுவிட்டது.

நான்தான் தேறவில்லை. இப்போது வேலைக்குப் போகிறேன், ஆபீஸ் பார்ட்டிகளில் கண்ணாடிக் கிண்ணத்தில் கேரமல் கஸ்டர்ட் வருகிறது. எல்லோரும் கண்ணை மூடிச் சப்புக்கொட்டுகிறார்கள். எனக்குப் பழுப்பாக எது வழிந்தாலும் புளித்தண்ணீர்தான்.

அந்த ஒரு மாதமும் தினம் காலையில் பால்கனியில் முட்டை உரித்தேன். ஓட்டுக்குக் கீழே மெல்லிசாக ஒரு தோல் இருக்கும். அது ஈரமாக நகக்கண்ணில் ஒட்டிக்கொள்ளும், உதறினால் போகாது. நான் மூச்சை அடக்கி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளி உரிப்பேன். ஒருநாள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து கதவு வரை வந்துவிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு யாரும் பிடிக்காமல் அவள் அவ்வளவு தூரம் நடந்தது அதுதான் முதல். நின்று என்னைப் பார்த்தாள்.

"மூஞ்சிய ஏம்லே அப்படி வச்சிருக்கே?" என்றாள். "திங்கப்போறது நான்ல்லா. மிளகுப்பொடி எங்க?"